பட்டப்படிப்பும் உபகாரச் சம்பளமும்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

பிள்ளைப்பாக்கம் என்றால் முன்னாளில் ஏரியும் அதன் பாசன வயல்களும் நினைவுக்கு வரும். இந்நாளில் அவ்வூரின் பெயரோடு சிப்காட் தொழிற்பூங்காவும் சேர்ந்தே வழங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் பெருகியதனால் வேலையும் பெருகியுள்ளது, அது நன்மையே. ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிய பிள்ளைகளும் கல்லூரியை நாடாது ஒப்பந்தக் கூலிக்கு ஆலை வாயிலை நாடுவதைக் காண்கிறோம். “மேலே படிக்க வைக்கப் பணம் ஏது?” என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. அதற்கு விடை உண்டு. அவ்விடையை உரிய காலத்தில் அறியாமையே பல குடும்பங்களின் குறை.

இருவகை உதவிகள்

படிப்புச் செலவுக்காக மாணவருக்கு அளிக்கப்படுவது உபகாரச் சம்பளம். ஆராய்ச்சிப் பணிக்காக அளிக்கப்படுவது ஆய்வூதியம். இரண்டாவது வகை பெரும்பாலும் முதுகலைக்குப் பின்னரே கிட்டும். ஆயினும் இளங்கலை மாணவரும் அதில் சிறிது சுவை காண வழியுண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம், டில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மற்ற இரு அறிவியல் கழகங்களோடு சேர்ந்து, கோடைக்கால ஆய்வூதியம் வழங்கி வருகிறது. தேர்வு பெற்றவர் இரண்டு மாதம் ஓர் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பணி செய்யலாம்.

முக்கியத் திட்டங்கள்

முதலாவது, கல்லூரி மாணவருக்கான மத்திய அரசின் உபகாரச் சம்பளம். ஆண்டுதோறும் 82,000 புதிய மாணவருக்கு இது ஒதுக்கப்படுகிறது. அதில் பாதி பெண்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 இலட்சம் ரூபாயைத் தாண்டலாகாது. பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நூற்றுக்கு எண்பது மதிப்பெண் வேண்டும் என்று பலர் இதன் விதியைத் தவறாகப் பொருள் கொள்கின்றனர். அது மதிப்பெண் கணக்கன்று. தம் தேர்வு வாரியத்தில் தேறியவர்களை வரிசைப்படுத்தினால், முதல் நூற்றுக்கு இருபது பேருக்குள் வர வேண்டும் என்பதே பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொகை வர 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும்.

இரண்டாவது, தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் பிரகதி திட்டம். அக்குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரப்படுகிறது. ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். வருமான வரம்பு 8 இலட்சம்.

மூன்றாவது, அடிப்படை அறிவியல் பயில்வோருக்கான இன்ஸ்பயர் திட்டம். தம் வாரியத்தில் முதல் நூற்றுக்கு ஒருவருள் வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 20,000 கோடை ஆய்வுக்கு உரியது. 1999இல் தோன்றிய கிஷோர் வைக்யானிக் திட்டம் இப்போது தனியே இல்லை. 2022இல் அது இன்ஸ்பயரோடு இணைக்கப்பட்டது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி அதனைத் தேடி அலைய வேண்டாம்.

நெசவாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கைத்தறித் தொழிலாளர் பிள்ளைகள் இருவர் வரை, அரசு அங்கீகரித்த நெசவுத் தொழில்நுட்பக் கல்விக்கூடங்களில் பயின்றால் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை உதவி பெற, தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் வகை செய்யப்பட்டது. 1960இல் தோன்றிய சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் நமக்கு அருகிலுள்ள அத்தகைய கல்விக்கூடம். நடப்பாண்டின் விதிகளைக் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் கேட்டறிக.

மாநில அரசின் உதவிகளையும் மறத்தலாகாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகையும் உண்டு.

இரண்டையும் பெறலாமா?

எல்லாத் திட்டங்களையும் ஒருங்கே பெற இயலாது. புதுமைப்பெண் உதவியைப் பிற உதவிகளோடு பெறலாம். ஆனால், மேலே கூறிய மத்திய உபகாரச் சம்பளமோ, வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இல்லை. ஆகவே எது மிகுதியான பயன் தரும் என்று கணக்கிட்ட பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

பத்திரங்களே பாதி வெற்றி

மத்தியத் திட்டங்கள் பலவற்றுக்கும் தேசிய உதவித்தொகை இணையத்தளமே வாயில். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்னரே ஆயத்தம் செய்க. பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தால், அதனை முதலில் திருத்துக. மாணவர் மனுவை அனுப்பியதும் வேலை முடிந்துவிடாது. கல்லூரி அதனைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கடைசி நாளில் அனுப்பிய மனுவில் பிழை இருந்தால், திருத்த நாள் இராது.

சங்கத்தின் கடமை

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சங்கம் கண்ட நெசவாளர் முதலிய தொழிலாளர், பின்னர் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். அவ்வழி வந்த நமது சங்கங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றையேனும் வைத்திருத்தல் வேண்டும். திட்டங்களின் கடைசித் தேதிகளைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்குச் செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டிதான்.

உபகாரச் சம்பளம் ஆலைக் கூலிக்கு ஈடாகாது என்பது மெய்யே. ஆயினும் ஆலை வாயில் மூன்றாண்டுக்குப் பின்னும் திறந்தே இருக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ காத்திராது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. அவர்களுள் எவருக்கு எந்தச் சான்று இன்னும் கிட்டவில்லை?
3. விண்ணப்பிக்க உதவும் பொறுப்பை ஏற்க முன்வருவோர் யாவர்?