வெப்பம் தாங்கும் பிரேக்கும் செராமிக்கும்

பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று படித்திருக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் அது ஒரு அடுப்பு. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக்கி வெளியே விடுவதுதான் அதன் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டன் லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதை நிறுத்தினால் சுமார் 2,080 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நம்ம புதுக்கோட்டை சமவெளி ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில்? அதே லாரி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 147 மெகாஜூல்! அதாவது எழுபது தடவை நிறுத்தியதற்குச் சமம். எஞ்சின் பங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் பெரும்பகுதி பிரேக் டிரம்மில்தான் இறங்கும். லைனிங்கைப் பிணைத்திருக்கும் பீனாலிக் பிசின் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகப்போகச் சிதையும், உராய்வு குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இதுதான் பிரேக் ஃபேட். லாரி ஓட்டும் என் அப்பா நாலாங்கிளாஸோடு சரி. "ஏறின கியர்லயே இறங்கணும்டா" என்பார். அந்தப் பேச்சுக்குள் இந்த 147 மெகாஜூலும் இருக்கிறது.

சரி, செராமிக்கில் டிஸ்க் செய்தால்? வெறும் செராமிக் உதவாது. காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் படீரென விரியுமே, அந்தக் கதைதான். அதனால் கார்பன் இழையையும் பிசினையும் வட்டாக அழுத்தி, காற்றில்லாத உலையில் சுடுகிறார்கள். பிசின் கார்பனாகி நுண்துளைகள் விழும். 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கனை அதில் விட்டால், திரி எண்ணெயை இழுப்பதுபோல் துளைகள் இழுத்துக்கொள்ளும். சிலிக்கனும் கார்பனும் சேர்ந்து சிலிக்கன் கார்பைடு ஆகும். விரிசல் கிளம்பினாலும் இழைகள் அதை ஓடவிடாது. வார்ப்பிரும்பின் அடர்த்தி சுமார் 7.2, இதற்கோ சுமார் 2.4 தான்.

சிலிக்கன் கார்பைடு நமக்குப் புதிதல்ல. ஒர்க்‌ஷாப்பில் கார்பைடு டூல் தீட்டும் பச்சைச் சக்கரம் அதுதான். 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் அதைத் தயாரிக்கிறது. டிஸ்க்காக அது 2001-இல் போர்ஷே 911 ஜிடி2 காரில் வந்தது. நம் தேஜஸ் விமானத்தில் இருப்பது இதன் பங்காளியான கார்பன்-கார்பன் பிரேக்.

ஒரு குழப்பம் வேண்டாம். கடையில் "செராமிக் பேட்" என்று விற்பது வேறு. அது வார்ப்பிரும்பு டிஸ்க்கில் பிடிக்கும் பேட். செராமிக் இழை கலந்திருக்கும், பிணைப்பது அதே பிசின்தான். பெயரை நம்பி மலை இறங்க முடியாது. உண்மையான செராமிக் டிஸ்க்கோ, உலைச் செலவால் இன்னும் விலை உயர்ந்த கார்களோடு நிற்கிறது. லாரிக்கு வரவில்லை. அதிகம் தேவைப்படுவது அங்கேதான் என்பது என் கட்சி.