சக்கரம் தொட்டதும் தலையைத் திருப்பினேன்

டெக்சாஸில் என் பிட்ஸ் விமானத்தின் வலது கீழ் இறக்கை ரன்வேயில் உரசிக் கிழிந்து நான்கு வருடமாகிறது. அந்தத் துணி கிழிந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கர்ட்டிஸ் பிட்ஸ் இந்த இரட்டை இறக்கை விமானத்தை முதலில் பறக்கவிட்டது 1944-இல். பிறகு வரைபடத்தை வாங்கித் தங்கள் கொட்டகையிலேயே கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். எஃகுக் குழாய் உடல், மரச்சட்ட இறக்கை, மேலே துணி. இறக்கை முனைக்கு முனை 17 அடி 4 அங்குலம்தான். "எவனோ கொட்டாயில கட்டினதுல ஏறுவியா?" என்று பென்னாகரத்திலிருந்து மாமா போனில் சத்தம் போட்டார். ஒவ்வொரு வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்த்துதான் வாங்கினேன். விமானத்தின் மேல் குற்றமே இல்லை. இன்றும் அதையே சொல்வேன்.

பிட்ஸ் வாங்க நினைத்தால் இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனையெல்லாம் நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள். கிளம்புவதிலும் பெரிய வித்தை இல்லை. த்ராட்டில் முழுவதும், மூக்கு இடப்பக்கம் இழுக்கும்போது வலது ரடர் மிதி, அவ்வளவுதான். மேலே போனபின் இரண்டு விரல் பிடியே போதும்.

இறங்கும்போதுதான் வினை. மூக்கு ரன்வேயை மறைத்துவிடும். அதனால் வளைந்தபடியே வந்து, கடைசியில் நிமிர்த்தி, இரு ஓரங்களையும் கடைக்கண்ணால் பிடிக்கவேண்டும். அதைச் சரியாகவே செய்தேன். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. வேலி ஓரம் அப்பா வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். நான் பறப்பதைப் பார்ப்பதற்காகத்தான் ஊரிலிருந்து வரவழைத்திருந்தேன். அவர் பக்கம் தலையைத் திருப்பினேன்; ரடரில் கால் தளர்ந்தது.

பிட்ஸ் போன்ற வால் சக்கர விமானத்தில் பாரம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு விரற்கடை விலகினாலும் பின்பாரம் அந்தத் திருப்பத்தை வளர்த்துவிடும். ஒகேனக்கலில் துடுப்பு நின்றால் பரிசல் சுற்றுமே, அந்தச் சுற்று. மூக்கு இடப்பக்கம் போனது. வலது ரடரை மிதிக்க ஒரு நொடி தாமதித்தேன். வலது இறக்கை தரையைத் தொட்டுவிட்டது.

"பத்து மணி நேரம் வேற வால் சக்கர விமானம் ஓட்டிட்ட, போதும்" என்று சொல்லி அதற்கு முன் அனுமதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் என் பயிற்சியாளர். சட்டத்துக்கு அது போதும். ஆனால் என் பிட்ஸ் எஸ்-1 ரகம்; அதில் ஒரே இருக்கை. முதல் தடவையே தனியாகத்தான் போகவேண்டும். அவர் பிட்ஸில் உட்கார்ந்ததே இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்காதது என் தவறு, சொல்லாதது அவர் தவறு. இதை எங்கேயும் சொல்வேன்.

இரட்டை இருக்கை எஸ்-2-இல், பிட்ஸ் ஓட்டிப் பழகியவரோடு குறைந்தது இருபது முறை இறங்கிப் பாருங்கள். முதல் நாளுக்குப் புல்தரையும் காற்றில்லாத காலையும் தேடுங்கள். விமானம் நின்று எஞ்சின் அணையும்வரை காலை ரடரிலிருந்து எடுக்காதீர்கள். வீட்டு ஆட்களை இரண்டாம் மாதம் கூப்பிடுங்கள்.