உத்தரவாதம் எங்கே முடிகிறது? ஒரு கார் கற்றுத்தரும் வியாபாரப் பாடம்

"உத்தரவாதம் உண்டு" என்று சொல்லிப் பொருளை விற்பது இலகு. அது பழுதாகித் திரும்பி வரும்போதுதான் அந்த வார்த்தையின் பாரம் தெரியும். உற்பத்திக் குறையா, பாவித்தவரின் தவறா? இந்தக் கேள்வியில் உலகப் பெரும் கம்பனியொன்றே சிக்கிக்கொண்ட கதையை இவ்வாரம் பார்ப்போம்.

நடந்தது என்ன?

ஜப்பானின் நிசான் நிறுவனம் 2007 டிசம்பரில் 'ஜீ.டீ.ஆர்.' என்ற புதிய காரைத் தன் நாட்டில் விற்பனைக்கு விட்டது. 2008 இல் அது அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கு ஆரம்ப விலை ஏறத்தாழ 70,000 டொலர். நின்ற இடத்திலிருந்து நான்கு செக்கனுக்குள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டும் என்பதே அதன் பெருமை.

அந்த வேகத்தைக் காண விரும்பியவர்கள், சறுக்கலைத் தடுக்கும் இலத்திரனியல் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே எக்ஸிலரேட்டரையும் அழுத்தி, இயந்திரம் உயர் சுழற்சிக்கு வந்ததும் பிரேக்கை விட்டார்கள். கார் பாய்ந்தது. ஆனால் அந்த அடி முழுவதும் கிளச்சிலும் கியர்பெட்டியிலும் விழுந்தது. சிலரது கியர்பெட்டி உடைந்தது. புதிதாக மாற்ற 20,000 டொலர் அளவில் செலவாகும் எனச் செய்திகள் வெளிவந்தன.

இரு தரப்பு வாதம்

கம்பனி கைநூலைக் காட்டியது. அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்துவது சேற்றிலோ பனியிலோ சிக்கிய காரை மீட்பதற்கே. நிறுத்தி ஓட்டியதால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றது. காரிலுள்ள பதிவுக் கருவியோ, கார் எப்படி ஓட்டப்பட்டது என்பதைச் சேமித்து வைத்திருந்தது.

வாங்கியவர்கள், "வேகத்தைக் காட்டித்தானே விற்றீர்கள்? நிறுத்தும் பொத்தானையும் நீங்கள்தானே வைத்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

கைநூலின்படி கம்பனி சொன்னதில் பிழையில்லை. ஆனால் பெயர் கெட்டது. இறுதியில் கம்பனி மென்பொருளை மாற்றியது. கட்டுப்பாட்டை நிறுத்தாமலே, குறைந்த சுழற்சியில் வேகமாகப் புறப்பட வழி செய்தது.

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் 1975 இல் வந்த உத்தரவாதச் சட்டத்தின்படி, நிபந்தனைகள் தெளிவாக எழுதப்பட்டு, விற்பனைக்கு முன்பே வாங்குபவர் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். வேறு கம்பனியின் உதிரிப்பாகம் பூட்டினார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அதனால்தான் பழுது வந்தது எனக் காட்ட வேண்டும்.

நமக்குரிய பாடம்

1. தண்ணீர் மோட்டரோ கையடக்கத் தொலைபேசியோ, உத்தரவாதம் எதற்கு இல்லை என்பதை விற்கும்போதே வாயாலும் சொல்லுங்கள். பற்றுச்சீட்டின் பின்புறத்துச் சிறிய எழுத்து போதாது.

2. எந்தத் திறமையைப் புகழ்ந்து விற்கிறீர்களோ, அதைப் பாவித்தவரைக் குற்றவாளியாக்காதீர்கள். தாங்காது என்றால் புகழாதீர்கள்.

3. மறுப்பதானால் காரணத்தைக் காட்டி மறுங்கள். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளரின் கையில் கொடுத்து விளக்குங்கள்.

4. நீங்கள் வாங்குபவரானால், பணம் கொடுக்குமுன் நிபந்தனையை வாசியுங்கள். சர்விஸ் செய்த பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு மோட்டரை மாற்றிக் கொடுத்தால் அந்த மாத இலாபம் குறையலாம். நியாயமின்றி மறுத்தாலோ, அந்த வாடிக்கையாளரோடு அவரது அயலவரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.