பிறர் எழுதிய கிதாபைப் பிரதியெடுத்துப் பரப்பலாமா?

மார்க்க நூல் ஒன்றை விலைக்கு வாங்கிய ஒருவர், அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதற்கும் அனுப்பிவிடுகிறார். இல்மைப் பரப்பினேன், நன்மை கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். அந்நூலை எழுதியவரும், கடன் வாங்கி அச்சிட்டவரும் விற்காத பிரதிகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இது கூடுமா, கூடாதா? நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் காரியமாகிவிட்டபடியால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கூடும் என்போருக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. தம்மிடம் கேட்கப்பட்ட இல்மை மறைப்பவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூத், திர்மிதீ ஆகிய இமாம்கள் பதிவு செய்துள்ளார்கள். விலை கொடுத்து வாங்கிய நூல் வாங்கியவரின் உடைமை; அதை அவர் என்ன செய்தால் எழுதியவருக்கு என்ன என்றும் கேட்கிறார்கள். முற்கால ஹனஃபீ ஃபுகஹாக்களிடம் ‘மால்’ என்பது கைக்கொண்டு சேமித்து வைக்கத்தக்க பொருள். வெறும் பயனோ வெறும் உரிமையோ மால் ஆகாது. இந்த அடிப்படையில்தான் முஃப்தீ முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியார்கள் பதிப்புரிமையை ஏற்கவில்லை. அன்னாரின் மகனார் முஃப்தீ தகீ உஸ்மானீ அவர்களோ அதே மத்ஹபில் நின்றுகொண்டு, வழக்கத்தில் (உர்ஃப்) மக்கள் எதைப் பொருளாகக் கருதிக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்களோ அதற்கு மாலின் சட்டம் உண்டு என்று உரிமையை ஏற்றார்கள். தந்தையும் மகனும் இப்படிக் கருத்து வேறுபட்டது நம் உலமாக்களின் நேர்மைக்குச் சான்று. ஷாஃபிஈ மத்ஹபில் பயனும் (மன்ஃபஅத்) மாலாகவே கொள்ளப்படுவதால் அங்கு இச்சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை.

முன்னோர் இதைப்பற்றி அதிகம் பேசாததற்குக் காரணம் எளிது. அந்நாளில் ஒரு கிதாபின் விலை பெரும்பாலும் அதைக் கையால் எழுதியவரின் கூலியும் காகிதமும்தான். இன்னொருவர் ஒரு பிரதி எழுதிக்கொண்டால் ஆசிரியருக்கு நஷ்டம் ஏதுமில்லை, பெயர் பரவியது. அச்சுக்கூடம் வந்த பிறகுதான் ஒருவர் முதல் போட, மற்றவர் பலனை அள்ளிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. இணையத்தில் அந்த இரண்டாமவருக்குக் காகிதச் செலவும் இல்லை.

ஆனால் எழுதியவரின் உரிமையை முன்னோர் அறியாதவர்கள் அல்லர். தஃப்ஸீர் ஜலாலைன் ஓதிய ஒவ்வொருவரும் அறிந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்; வஃபாத் ஹி. 911) அவர்கள், புகாரீக்கு விரிவுரை எழுதிய இமாம் கஸ்தல்லானீ (ரஹ், வஃபாத் ஹி. 923) அவர்கள் மீது ஒரு வழக்குச் சொன்னார்கள். தம் நூல்களிலிருந்து எடுத்துவிட்டுத் தம் பெயரைச் சொல்வதில்லை என்பது புகார். விசாரித்தவர்கள் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்-அன்ஸாரீ (ரஹ்) அவர்கள். பைஹகீ இமாமிடமிருந்து எடுத்ததாகக் கஸ்தல்லானீ சில இடங்களில் எழுதியிருந்தார்கள். பைஹகீயின் எந்த நூலில் அதைப் பார்த்தீர் என்று ஸுயூத்தீ கேட்டதற்குப் பதில் வரவில்லை. ‘பைஹகீயிடமிருந்து ஸுயூத்தீ எடுத்துச் சொன்னது’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்பது ஸுயூத்தீ அவர்களின் வாதம். பின்னர் கஸ்தல்லானீ அவர்கள் கெய்ரோவிலிருந்து, ஸுயூத்தீ தனித்திருந்த ரவ்ளா வரை வெறுங்காலும் வெறுந்தலையுமாக நடந்து சென்று மனம் பொறுக்கும்படி கேட்டதாகவும், ஸுயூத்தீ பொறுத்தேன் என்றதாகவும், ஆனால் கதவைத் திறக்கவில்லை என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பணம் ஒரு காசும் கைமாறாத விவகாரம் அது. கடைசிப் பக்கத்து ஆசிரியர் பெயரை வெட்டிவிட்டுக் கட்டுரையை அனுப்பும் நம் சகோதரர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

1988 டிசம்பரில் (ஹி. 1409) சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி குவைத்தில் நடத்திய 5-ஆம் அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமை அவற்றின் உரியவர்களுக்கே சொந்தம், அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு, அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. அத்துமீறினால் கை வெட்டும் தண்டனையா என்று சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். இல்லை, பூட்டிய பெட்டகத்திலிருந்து பொருளைத் திருடுவதற்குரிய ஷர்த்துகள் இதில் இல்லை. எனினும் இது ஹக்குல் இபாத், அடியானின் உரிமை. உரியவர் மன்னிக்காத வரை தவ்பா மட்டும் போதாது. பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கு அனுப்பியவர் அதைத் திரும்ப வாங்குவது எப்படி?

இனி, இல்மைப் பூட்டி வைக்கலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. பூட்டலாகாது. உரிமை எழுதியவரின் உழைப்புக்கும் சொல்லமைப்புக்கும் உரியது. அதிலுள்ள மஸ்அலாவுக்கு அல்ல. படித்ததை நம் சொல்லில் பிறருக்குச் சொல்வதை எவரும் தடுக்க முடியாது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பாடம் நடத்துவதற்கு இடம் விட்டிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களுக்காகப் பாடப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுத்த கடைமீது பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலுக்காக எடுக்கும் பிரதிக்குச் சட்டத்தில் அனுமதி உண்டு என்றே கூறியது. மத்ரஸா உஸ்தாது தம் வகுப்புக்கு வேண்டிய பக்கங்களை எடுப்பது இந்த வகையைச் சேரும். கண் பார்வையற்றோர் படிக்கும் வகையில் நூலை மாற்றித் தருவதற்கும் 2012 திருத்தம் வழி செய்தது.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் நூல் பொதுச் சொத்தாகிறது. ஆகவே இமாம் நவவீ, இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ஆகியோரின் அரபு மூலத்துக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அண்மையில் ஒருவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பும் அடிக்குறிப்பும் அவருடையதே. ‘மொழிபெயர்த்தது குர்ஆன் விளக்கம் அல்லவா, அதற்கு விலையா?’ என்று கேட்பவர், அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டு ஓதிப்பார்த்ததற்குக் கூலி பெற்ற ஸஹாபாக்களை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்ற புகாரீயின் அறிவிப்பைப் பார்க்கட்டும்.

அச்சில் இல்லாத நூல் தேவைப்படுகிறதா? முதலில் பதிப்பாளருக்கோ, அவர் மறைந்திருந்தால் வாரிசுகளுக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்டதும் ‘தாராளமாகப் பரப்புங்கள்’ என்று எழுதிக் கொடுப்போர் நம்மில் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சம்மதத்தைப் பிரதியின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால், பின்னால் அது எவர் கைக்குச் சென்றாலும் அவருக்குச் சந்தேகம் இராது.