கடைசி வியாதிக்கு ஒரு பத்திரம்

சபை விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூரில் எழுதிவைப்பது புதிதல்ல. நிலத்துக்கு உயில் எழுதுகிறோம். கடைசி வியாதிக்கோ ஒரு வரியும் எழுதுவதில்லை. பேச்சற்ற தகப்பன் சுவாசக் கருவியோடு கிடக்க, பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் வாதாடுகிறார்கள்.

2018 மார்ச்சு 9-ல் சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய பத்திரத்தை அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டு கையெழுத்து வேண்டியிருந்தது. ஏழைக்கு அது எட்டுமா? 2023 ஜனவரியில் அது நீங்கிற்று. புத்தித்தெளிவுள்ள வயதுவந்தவர் இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும். தமக்காகப் பேசவேண்டிய உறவினர் பெயர்களையும் குறிக்கவேண்டும். நோய் தீராதென்று இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பினால்தான் அது செல்லும்.

இது தற்கொலையல்லவா? அல்ல. உயிர்காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு, மிஞ்சிய பாரமான வழிகளுக்குக் கடமையில்லை என்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957 நவம்பர் 24-ல் மருத்துவர்களுக்குப் போதித்தார். சாகடிக்கும் ஊசி கேட்பதோ பாவம். சட்டமும் அதற்கு இடந்தராது. குழாய்வழி ஆகாரமும் தண்ணீரும், உடல் ஏற்கும்வரை, சாதாரண வழிகளே. அவற்றை நிறுத்தும்படி எழுதவேண்டாம்.

அவஸ்தைப்பூசுதலுக்குக் குருவானவரை அழைக்கும்படி ஒரு வரி சேருங்கள். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டாமல், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வைத்தியரிடம் கொடுங்கள்.