தலைநகர்க் கிளர்ச்சியும் திண்டுக்கல்லும்

கணக்குக் கேட்டலும் கணக்குக் காட்டலும் வணிகர்க்கே உரியன என நம்மிற் பலர் கருதுவர். 1972-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சென்னை மாநகரைக் கலக்கிய கிளர்ச்சியோ அவ்வொரு சொல்லினின்றே பிறந்தது. அதன் முதற்றீர்ப்பு எழுதப்பெற்ற இடம் தலைநகரன்று. பூட்டும் தோலும் சுருட்டும் செய்து வாழும் நம் திண்டுக்கல்லேயாம். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

1971-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 184 இடங்களைப் பெற்றது. எதிர்வரிசை இவ்வாறு மெலிந்தவிடத்து மாறுபாடு உள்ளிருந்தே முளைத்தல் இயல்பு. கழகத்தின் பொருளாளராயிருந்த எம். ஜி. இராமச்சந்திரன், அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் கட்சிப் பொறுப்பாளரும் தத்தம் சொத்துக்கணக்கை மக்கட்குக் காட்டல் வேண்டுமெனத் திருக்கழுக்குன்றத்துக் கூட்டத்தில் முழங்கினார். கணக்குக் காட்டவேண்டிய பொருளாளரே கணக்குக் கேட்டது புதுமை. அகத்தே ஆராயவேண்டியதைப் புறத்தே பேசினார் என்பது தலைமையின் முறையீடு. அதனையும் நாம் எளிதிற் புறக்கணித்தல் கூடாது. ஒழுங்கு இல்லாத கட்சி நில்லாது. அக்டோபர் 10-ஆம் நாள் அவர் தற்காலிகமாக விலக்கப்பட்டார். 14-ஆம் நாள் முற்றும் நீக்கப்பட்டார். 17-ஆம் நாள் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிற்று.

அந்நாட்களிற் சென்னைத் தெருக்கள் அமைதியிழந்தன. ஊர்வலங்கள் எழுந்தன; வண்டிகள் மறிக்கப்பட்டன; கழகத்தார் இருசாராராய்ப் பிரிந்து மோதினர். இந்நிலை மதுரைப்புறத்தும் பரவிற்று. கிளர்ச்சி செய்தாருட் பெரும்பாலோர் திரைப்பட இரசிகர் என எள்ளுவாருளர். இரசிகர் என்பது உண்மையே. ஆயினும் அவரும் வாக்குரிமை உடையர் என்பதை எள்ளுவார் மறந்தனர்.

தெருவினும் வியப்பிற்குரியது மன்றத்தின் நிலை. அவைத்தலைவர் கே. ஏ. மதியழகன், அமைச்சரவை மீண்டும் மக்கள் தீர்ப்பை நாடலாமெனக் கூறி அவையை ஒத்திவைத்தார். டிசம்பர் 2-ஆம் நாள் அவை கூடியபோது அவர்மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவர் தம் இருக்கையை விட்டெழவில்லை, துணைத்தலைவர் பெ. சீனிவாசனும் மற்றோரிருக்கையில் அமர்ந்து அவையை நடத்தினார். ஒரே மண்டபத்தில், ஒரே வேளையில், இருவர் தலைவர்! அன்றே மதியழகன் பதவி நீங்கினார். அமைச்சரவை நிலைபெற்றது, வினாவோ விடைபெறாது நின்றது. கேள்வி கேட்டற்கென்றே அமைந்த இடத்திற் கேட்கவியலாதாயின், அக்கேள்வி வீதிக்கு வாராது வேறெங்குச் செல்லும்?

இந்நிலையிற்றான் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மறைந்தமையால் இடைத்தேர்தல் வந்தது. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1985-இலேயாம். புதிய கட்சியின் வேட்பாளர் வழக்கறிஞர் கே. மாயத்தேவர். தேர்தல் அலுவலர் காட்டிய சின்னங்களுள் அவர் தேர்ந்தது இரட்டை இலை. 1973 மே 11-ஆம் நாள் 'உலகம் சுற்றும் வாலிபன்' என்னும் படம் வெளிவந்தது. மே 20-ஆம் நாள் வாக்குப்பதிவு நடைபெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன ஒன்பதே நாட்கள்!

மாயத்தேவர் ஏறத்தாழ 2,60,000 வாக்குப் பெற்றார். காமராசரைச் சார்ந்த பழைய காங்கிரசு 1,19,000 அளவில் இரண்டாவதாகவும், ஆளுங்கட்சி 93,000 அளவில் மூன்றாவதாகவும் நின்றன. தில்லியை ஆண்ட இந்திரா காங்கிரசு நான்காமிடம் சென்றது. கோட்டையை ஆண்டவரும் தில்லியை ஆண்டவரும் ஒருங்கே பின்தள்ளப்பட்டமையால், இதனைத் திரைமயக்கம் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாதென்பது என் கருத்து. முகத்தின் கவர்ச்சி மெய். விலைவாசியும் மனக்குறையும் மெய். எது எத்துணை என அளந்தறிதற்கு வாக்குச்சீட்டிற் காரணம் எழுதுமிடம் இல்லை.

எம் பாட்டனார் தோற்பதனிடும் தொழிலாளர். அண்ணாத்துரையின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். அத்தேர்தலில் யார்க்கு வாக்களித்தீர் என ஒருகாற் கேட்டேன். "உதயசூரியனுக்கு நேரே முத்திரையைக் கொண்டுசென்றேன், கை தானே நகர்ந்துவிட்டது," என்றார். நடிகருக்காகவா என்றேன். "படம் நான் பார்ப்பதில்லையே! கணக்குக் கேட்டவனை ஏன் வெளியே அனுப்பவேண்டும்?" என்றார். நெடுங்காலம் அன்பு வைத்த கட்சியை விட்டகன்ற அக்கையின் நடுக்கத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. அடுத்த தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் எனக்கு அச்சொல் பெரிதும் உறுத்துகின்றது.

எழுந்த கணக்கு என்னவாயிற்று? 1972 நவம்பரிலேயே குற்றச்சாட்டுகள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரியிடம் அளிக்கப்பட்டன. 1975 சூனில் நெருக்கடிநிலை வந்தது. 1976 சனவரி 31-ஆம் நாள் தி. மு. க. ஆட்சி கலைக்கப்பட்டது, அதன்பின்னரே சர்க்காரியா ஆணையம் அமைந்தது. எதிர்க்கட்சியார் சிறையிலிருந்தனர், செய்தித்தாள்கள் தணிக்கையிலிருந்தன, தமிழகத்திற் சட்டமன்றமே இல்லை. கணக்குக் கேட்கப்பட்டது, கேட்டவரிடம் கணக்குக் கேட்பார்தாம் அந்நாளில் ஒருவரும் இலர்.