ஊர்தியின் பின்புறப் பெட்டகம்

மணாலியிலிருந்து லே செல்லும் மலைவழி 400 கிலோமீட்டருக்கும் மிகுதியானது. தங்லங் லா என்னும் கணவாயில் அது ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இவ்வழியே ஜீப்பில் செல்வோர் கருவிகள், உணவு, குடிநீர், கம்பளி ஆகியவற்றை உடன் கொண்டு செல்வர். அவை கட்டப்படாமல் கிடந்தால் என்னாகும்? திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் ஊர்தி நிற்கும். பொருள்களோ நிலைமத்தால் முன்னோக்கிப் பாயும். 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோ. அக்கலன் தாக்கினால் உயிருக்கே ஊறு நேரும்.

எனவே, தச்சர் முதலில் பின்புறத்தை அளக்கிறார். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையால் சட்டம் அமைத்து, இரண்டு இழுப்பறைகளைப் பொருத்துகிறார். தளத்தின் அடியில் எரிபொருள் கலனும் பிரேக் குழாயும் இருக்கக்கூடும். ஆதலால் புதிய துளை இடாமல், ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே திருகாணிகளை முடுக்குகிறார். எடைமிக்கவை கீழே, இருக்கையை ஒட்டி இடம்பெறும். எடை குறைந்தவை மேலே அமையும். முதலுதவிப் பெட்டி மட்டும் கதவருகே இருக்கும். எல்லாவற்றையும் இறக்கிய பின்னர்க் கிடைக்கும் மருந்தால் பயன் என்ன?

சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
ஊறு – தீங்கு

வினாக்கள்
1. தச்சர் புதிய துளை இடாதது ஏன்?
2. உம் பள்ளிப்பையில் எடைமிக்க நூலை எங்கே வைப்பீர்? காரணம் கூறுக.